ஊர் போனது, வீடு நின்றது

கொக்கலவில் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இன்று நூதனசாலை. கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த வன்னி, அந்த வீட்டிடம் கேட்டுப் படிக்கவேண்டியது என்ன?

சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1940 இல் ‘அபே கம’ என்றொரு புத்தகம் எழுதினார். எங்கள் ஊர் என்பது பொருள். காலிக்குத் தென்கிழக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் கொக்கலதான் அந்த ஊர். சின்ன வயதில் தான் ஓடித்திரிந்த ஒழுங்கைகளையும் கண்ட மனிதரையும் அதில் எழுதிவைத்தார். புத்தகம் வந்து இரண்டு வருடமளவில் ஊர் இல்லாமற் போனது.

இரண்டாம் உலகப்போர் கிழக்கே பரவிய நேரம் அது. கொக்கலக் களப்பு, தண்ணீரில் இறங்கி ஏறும் பறக்கும் படகுகளுக்கு வாய்ப்பான இடமென்று பிரித்தானிய விமானப்படை கண்டது. மிகக் குறுகிய அவகாசத்தில் சனம் எழுப்பப்பட்டது. வீடுகள் இடிந்தன, வளவுகள் ஓடுபாதையாகின. 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, லெனார்ட் பேர்ச்சல் என்ற கனேடிய விமானி கொக்கலவிலிருந்து எழுப்பிய கற்றலினா விமானம்தான், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கப்பற்படையை முதலிற் கண்டு செய்தி அனுப்பியது. போர் வரலாற்றில் கொக்கலவுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். தளத்துக்காக எழுந்து போனவர்களுக்கு அந்த வரலாற்றில் இடமில்லை.

ஆனால் மலலகம என்ற பகுதியில் ஒரு வீடு மட்டும் இடிக்கப்படாமல் நின்றது. 1890 மே 29 இல் விக்கிரமசிங்க பிறந்த வீடு அது. காலி–மாத்தறை வீதியால் போகிறவர்கள் இன்றும் இறங்கிப் பார்க்கலாம்.

இந்தக் கதையை வன்னியில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பலாலி விமானத்தளமும் அதே போரில் அதே விமானப்படை போட்டதுதான். 1990 இலிருந்து அதைச் சுற்றி வலிகாமம் வடக்கு எப்படி வெறுமையானது என்பதும், அங்கிருந்து எழும்பியவர்களில் எத்தனை குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் கொட்டில் போட்டன என்பதும் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. கொக்கலவில் ஒரு வீடு தப்பியது என்பதைவிட, தப்பிய அந்த ஒற்றை வீட்டை வைத்துக்கொண்டு அந்த மனிதரும் அவருக்குப் பின் வந்தவர்களும் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்களுக்குத் தேவையான செய்தி.

கண்ணாடியும் பேனாவும் போதாது

எழுத்தாளர் ஒருவரின் நினைவில்லம் என்றால் எங்கும் ஒரே மாதிரியான காட்சிதான். சுவரில் மாலையிட்ட படம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடி, பேனா, இரண்டொரு கையெழுத்துப் பிரதி. மூலையில் ஒரு சாய்மனைக் கதிரை. பார்க்க வந்தவர் கால்மணி நேரத்தில் வெளியே வந்து செருப்பைத் தேடுவார்.

கொக்கலவிலும் அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் மண்டபம் இருக்கிறது. படங்கள், விருதுகள், புத்தகங்கள் எல்லாம் உண்டு. 1976 யூலை 23 இல் அவர் இறந்த பிறகு அவருடைய அஸ்தி வீட்டருகே வைக்கப்பட்டது. வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அதற்கப்பால். அதே வளவில் 1981 இல் திறக்கப்பட்ட நாட்டார் நூதனசாலை அங்கே இருக்கிறது. அப்படியொன்று வேண்டும் என்ற எண்ணம் விக்கிரமசிங்கவுக்கே இருந்தது. அவர் பெயரிலான நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது.

உள்ளே மீன்பிடி வள்ளம், மாட்டு வண்டில், கலப்பை, மண்பானை, அடுக்களைச் சாமான்கள், முகமூடிகள், பொம்மலாட்டப் பாவைகள், பிள்ளைகள் விளையாடிய பலகைகள், மாட்டின் கழுத்தில் கட்டிய மணிகள். வெளியே வளவு முழுக்க உள்ளூர் மரங்கள், நிழல், பறவைகள். இவற்றில் பெரும்பாலானவை விக்கிரமசிங்கவுக்குச் சொந்தமானவை அல்ல. அவர் எழுதிய மனிதர்களின் கைகளில் இருந்தவை. தன் ஊர் அழிந்ததைக் கண்ட ஒருவர், தன்னை ஞாபகப்படுத்தும் இடத்தில் அந்த ஊரைக் குடிவைத்துவிட்டார்.

இதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். 1906 இல் கொழும்புக்குப் போய்க் கடையொன்றில் கணக்கெழுதத் தொடங்கியவர். பிறகு பத்திரிகைக்கு வந்து ‘தினமின’ ஆசிரியரானார். பல்கலைக்கழகத்தின் வழியாக வராமல், சொந்த வாசிப்பால் டார்வினையும் மானிடவியலையும் பௌத்த தத்துவத்தையும் தேடிப் படித்தார். உழவன் கையிலுள்ள கலப்பையும் மீனவன் கட்டும் வள்ளமும் ஒரு பண்பாட்டின் சாட்சியங்கள் என்பது அந்த வாசிப்பில் அவருக்கு வந்த தெளிவு. அரசர்களின் வாளையும் முடியையும் வைக்கும் நூதனசாலைகள் இருக்க, உலக்கைக்கும் சுளகுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்.

அவருடைய பெயர்பெற்ற நாவலான ‘கம்பெரலிய’ 1944 இல் வந்தது. ஊர் பறிபோன பிறகு! தென்பகுதிக் கிராமமொன்றில் பழைய பெருமையோடு நிற்கும் ஒரு பெரிய வீடு மெல்ல மெல்லச் சரிவதும், நகரத்திலிருந்து வரும் வியாபாரப் பணம் அந்த இடத்தைப் பிடிப்பதும்தான் கதை. ‘யுகாந்தய’ (1949), ‘கலியுகய’ (1957) என்று அது மூன்று நாவல்களாக வளர்ந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963 இல் ‘கம்பெரலிய’வைப் படமாக்கினார். 1965 இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் அதற்குத் தங்க மயில் விருது கிடைத்தது. தமிழ் வாசகருக்கும் அந்த நாவல் அந்நியமில்லை. எம்.எம். உவைஸ் அதை ‘கிராமப் பிறழ்வு’ என்று தமிழில் தந்திருக்கிறார்.

நாவலைப் படித்துவிட்டுக் கொக்கலவுக்குப் போகிறவர், அதில் வரும் அடுக்களையையும் வண்டிலையும் அங்கே கண்ணால் காண்கிறார். படிக்காமல் போகிறவர், வள்ளத்தையும் மணியையும் பார்த்துவிட்டு இதையெல்லாம் எழுதியவர் யார் என்று கேட்டுக்கொண்டு வருகிறார். வீடும் புத்தகமும் இப்படி ஒன்றுக்கொன்று ஆள் அனுப்பினால்தான் நினைவில்லம் உயிரோடு இருக்கும்.

மண்டபம் கட்டுவது எங்கள் வழக்கம்

தமிழர்களாகிய நாங்கள் எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை பெரும்பாலும் சிலையும் மண்டபமும்தான். எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் 1947 இல் எழுந்தது. விபுலானந்தருக்குக் காரைதீவில் மணிமண்டபம், மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சமாதி. இவை வேண்டும்தான். விழா எடுக்கவும் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் ஓர் இடம் தேவை. ஆனால் மண்டபத்துக்குள் நின்றுகொண்டு ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று அறிய முடியாது.

பாரதிக்கு ஓரளவு அதிர்ஷ்டம் இருந்தது. பிறந்த எட்டயபுர வீடு, 1908 முதல் பத்து வருடம் தங்கிய புதுச்சேரியில் ஈஸ்வரன் தர்மராசா கோயில் தெரு வீடு, கடைசிக் காலம் கழிந்த சென்னைத் திருவல்லிக்கேணி வீடு என மூன்றும் நினைவில்லங்களாக நிற்கின்றன. இதில் ஒரு வேடிக்கை, சொந்தவீடு என்று எதையும் கட்டாத மனிதர் அவர். பிறந்த வீட்டோடு, வாடகைக்கு இருந்த வீடுகளையும்தான் பின்னால் வந்த அரசுகள் பாதுகாத்தன. திருவல்லிக்கேணி வீட்டைத் தமிழ்நாட்டு அரசு வாங்கியது 1993 இல். அவர் இறந்து எழுபது வருடத்துக்குப் பிறகு.

அதே திருவல்லிக்கேணியில் இன்னொரு வீடு. சங்க இலக்கியங்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையரின் வீடு. தமக்குக் கும்பகோணம் கல்லூரியில் வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாருக்கு நன்றியாக ‘தியாகராஜ விலாசம்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். கொக்கலவை எழுப்பிய அதே போர் இவரையும் எழுப்பியது. யப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பயத்தில் 1942 இல் சென்னையே காலியானபோது, எண்பத்தேழு வயதில் திருக்கழுக்குன்றத்துக்கு இடம்பெயர்ந்தார். ஏப்ரல் 28 இல் அங்கேயே காலமானார். அடுத்த வருடம் அவருடைய ஏடுகளும் நூல்களும் அவர் பெயரிலான நூல்நிலையமாயின. இன்றும் சென்னை பெசன்ட் நகரில் அது இயங்குகிறது. திருவல்லிக்கேணி வீட்டை 2012 இல் இடித்தார்கள்.

தமிழ் அறிஞர்கள் கண்டனம் தெரிவித்தார்கள், பத்திரிகைகள் எழுதின. எழுதி முடிப்பதற்குள் சுவர் விழுந்துவிட்டது. ஒரு போர் தொடாமல் விட்ட வீட்டை மனை விலை தின்றது. ஆனால் ஏடுகள் தப்பின, ஏனென்றால் வீட்டை நம்பி அவற்றை அங்கேயே விட்டுவைக்கவில்லை. வீட்டைக் காப்பதும் அதற்குள் இருந்ததைக் காப்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதை உ.வே.சா.வின் கதை சொல்கிறது.

பெட்டியில் போய்த் திரும்பிவந்த வீடு

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. ரஷ்யாவில் டால்ஸ்டாய் பிறந்து, வாழ்ந்து, அடக்கமான யாஸ்னயா பொல்யானா பண்ணை 1921 இல் நூதனசாலையானது. 1941 ஒக்டோபரில் ஜெர்மன் படை அதைப் பிடித்தது. நாற்பத்தைந்து நாள் அங்கே இருந்துவிட்டு, பின்வாங்கும்போது வீட்டுக்குத் தீ வைத்தது. ஊழியர்களும் ஊரவரும் ஓடிவந்து அணைத்தார்கள். அதற்குள் பெறுமதியான பொருள்கள் அங்கே இல்லை. படை வருவதற்கு முன்பே பெட்டிகளில் கட்டி முதலில் மொஸ்கோவுக்கும், அங்கிருந்து சைபீரியாவின் டொம்ஸ்க் நகருக்கும் ரயிலேற்றியிருந்தார்கள். போர் முடிந்ததும் அவை திரும்பிவந்து பழைய இடத்தில் அமர்ந்தன.

ஒரு வீடு இடம்பெயர்ந்து மீளக்குடியேறிய கதை இது. எது எந்த அறையில் எந்த இடத்தில் இருந்தது என்று முன்பே பதிந்து வைத்திருந்தால்தான் அது நடக்கும். பட்டியல் இல்லாத வீட்டில் இடம்பெயர்வு என்றால் கைக்கு எட்டியதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான்.

ஸ்கந்தபுரத்தில் மிஞ்சியது

ஸ்கந்தபுரம், அக்கராயன்குளத்தை ஒட்டிய குடியேற்றக் கிராமம். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுதாக எழும்பி நடந்தபோது வன்னி அந்தச் சனத்தை ஏற்றது. 1996 இல் கிளிநொச்சி நகரமும் வீழ்ந்தது. வைத்தியசாலை அக்கராயனுக்கு வந்தது. பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் இந்தப் பக்கத்து மரநிழல்களுக்கும் கொட்டில்களுக்கும் நகர்ந்தன. சில வருடம் ஒரு நகரமே இந்தக் கிராமங்களுக்குள் குடியிருந்தது. கவிதை எழுதியவர்களும் நாடகம் போட்டவர்களும் பத்திரிகை நடத்தியவர்களும் அதற்குள் இருந்தார்கள். பொருளாதாரத் தடையில் தாளுக்குப் பஞ்சம் வந்து, பிள்ளைகளின் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். எழுதியவற்றில் எவ்வளவு அச்சேறாமல் ட்ரங்குப் பெட்டிகளில் கிடந்திருக்கும்!

2008 இல் ஸ்கந்தபுரமும் எழும்பியது. உழவு இயந்திரத்தில் முதலில் ஏறியது நெல்மூட்டை. பிறகு கூரைத் தகரம், ஓடு, கதவுநிலை, தண்ணீர்ப் பம்பி, தையல் மெஷின். போகுமிடத்தில் கொட்டில் போட அவை வேண்டும். புத்தகப் பெட்டிக்கு இடம் கிடைத்த வீடுகளிலும், தர்மபுரத்திலோ விசுவமடுவிலோ அடுத்த எழும்பலில் அது இறங்கிவிட்டது. திரும்பிவந்தபோது பல வளவுகளில் கிணற்றுக்கட்டும் அத்திவாரமும் மட்டும்தான். அதனால் வன்னியில் எழுத்தாளர் வீடு எது என்று தேடிப் போனால், பார்க்க வரிசையாக வீடுகள் இல்லை.

இங்கே கொக்கலவின் பாடம் பயன்படுகிறது. வீடு இல்லாவிட்டாலும் எழுதப்பட்ட ஊர் இருக்கிறது.

வன்னி மண்ணை நாவலாக்கியவர்களில் முன்னால் நிற்பவர் அ. பாலமனோகரன். அவருடைய ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. முல்லைத்தீவுப் பக்கம் தண்ணிமுறிப்புக் குளத்தடியில், காட்டை வெட்டிக் கழனியாக்கும் ஒரு வாழ்க்கை. கதிராமனும் பதஞ்சலியும் அதில் நடக்கும் பாதைகளும் வேட்டையும் வயலும் பட்டி மாடுகளும் வன்னிக்காரரின் அன்றாடம். பதினொரு வருடம் கழித்து, 1984 கடைசியில், தண்ணிமுறிப்புச் சனமும் எழும்பியது. ‘அபே கம’வுக்கு நேர்ந்ததுதான் ‘நிலக்கிளி’க்கும் நேர்ந்தது. ஊர் இருக்கும்போதே புத்தகம் வந்துவிட்டது, புத்தகத்துக்குப் பின் ஊர் போய்விட்டது. ஒரே வித்தியாசம், கொக்கலவில் போனவற்றைச் சேர்க்க ஒரு வளவு மிஞ்சியிருந்தது.

வன்னியைப் பற்றி எழுதிய பழைய பதிவுகளும் இருக்கின்றன. அரச உத்தியோகத்தராயிருந்த ஜே.பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய பெரிய கைந்நூலொன்றை வெளியிட்டார். ஆளவந்தவரின் கண்ணால் எழுதியதுதான். ஆனாலும் அந்தக் காலக் குளங்களும் பயிர்களும் ஊர்ப்பெயர்களும் அதில் பதிந்திருக்கின்றன. முல்லைமணி போன்றவர்கள் வன்னியின் கதைகளை உள்ளூர்க் கண்ணால் எழுதினார்கள். 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொன்றாக மின்வடிவாக்கி வருகிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயில் பறிகொடுத்த சமூகத்துக்கு இது சின்னக் காரியமில்லை. தாளில் இருந்ததைக் காக்கும் வேலை அப்படி நடக்கிறது. தாளுக்கு வெளியே இருந்தது இன்னும் வளவுகளில் கிடந்து கறையான் அரிக்கிறது.

சேர்க்கவேண்டியது எது, ஆர் சேர்ப்பது

வன்னி வாழ்க்கையைச் சொல்லும் நூதனசாலையொன்றுக்கு முதலில் கட்டடம் தேடவேண்டியதில்லை. முதலில் வேண்டியது பட்டியல். ‘நிலக்கிளி’யையோ வன்னிச் சிறுகதை ஒன்றையோ எடுத்து, அதில் வரும் பொருள் ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தால் பாதிப் பட்டியல் முடிந்துவிடும். கலப்பை, நுகம், வண்டில் சில்லு, உரல், உலக்கை, திருவலை, கடகம், சுளகு, பட்டி மாட்டுக் குறிசுடும் கம்பி, அரிக்கன் லாம்பு.

மிச்சப் பாதி, நாவல்கள் இன்னும் முழுதாக எழுதாத காலத்துக்குரியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் எரியவிட்ட விளக்கு. அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள். சங்கக்கடை நிவாரண அட்டை. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மோட்டார் சைக்கிள். கொப்பித் தாளில் அச்சான பத்திரிகை. முகாமில் கூரையான தறப்பாள். இவை யாருடைய வெற்றியையும் சொல்லும் பொருள்கள் அல்ல. சனம் எப்படித் தப்பிப் பிழைத்தது என்று சொல்பவை. எந்தக் கொடியின் கீழும் வைக்கத் தேவையில்லாத சாட்சியங்கள்.

பொருளை மட்டும் சேர்த்தால் பழைய இரும்புக் கடைதான் மிஞ்சும். பொருளோடு அதைக் கையாண்டவரின் வாய்ச்சொல் வேண்டும். இந்த உலக்கை எந்த மரம், யார் கடைந்தது, எந்த இடப்பெயர்வில் எங்கே விட்டது, எப்படித் திரும்பி வந்தது என்ற நான்கு வரி. எழுத்தாளரின் வேலை இங்கேதான் மறுபடி தொடங்குகிறது. கதை எழுதுகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். பாடசாலைகளில் செயற்றிட்டம் என்ற பெயரில் பிள்ளைகள் ஏதோ ஒன்றைப் படம் ஒட்டிக் கொண்டுபோகிறார்கள். அந்தப் பிள்ளை தன் அம்மம்மாவிடம் ஒரு பொருளைக் கேட்டு எழுதிவந்தால் அதுவே பதிவு.

காப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. வன்னியில் மரச்சாமானுக்கு முதல் எதிரி கறையான், அடுத்தது மாரி ஈரம். தரையிலிருந்து உயர்த்திய தட்டு, ஒழுகாத கூரை, காற்றோட்டம், வருடத்தில் இரண்டு தடவை எடுத்துத் துடைத்து வெயில் காட்ட ஓர் ஆள், பொருளுக்கு ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு படம், படத்தின் பிரதி இன்னோர் இடத்தில். டொம்ஸ்க்குக்குப் போன பெட்டிகள் திரும்பிவந்தது இந்த வகை ஒழுங்கால்தான். நிர்வாகத்துக்குக் கொக்கல வழி பொருந்தும்: உள்ளூரவரும் எழுத்தாளர்களும் புலம்பெயர்ந்தவர்களும் உள்ள ஒரு நிதியம். அரசாங்கத் திணைக்களம் உதவட்டும், உரிமை ஊரிடம் இருக்கட்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. வேலையில்லாத, கடனில் மூழ்கிய, காணி உறுதி இல்லாத சனத்துக்கு நூதனசாலை எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொக்கலவைப் பார்க்க வருகிறவர்களில் உல்லாசப் பயணிகளும் பாடசாலைப் பிள்ளைகளும் நிறைய. அந்த வளவு ஊருக்கு வருமானமும் தருகிறது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. கொக்கலவின் நிலத்தில் பின்னால் ஏற்றுமதி வலயம் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன, விமானத்தளம் இன்றும் இருக்கிறது. பழைய ஊர் திரும்பவில்லை. இங்கே ஒரு ஊர் இருந்தது என்று அங்கு வேலைக்கு வரும் இளைஞனுக்குச் சொல்வதற்கு அந்த வீடும் வளவும்தான் இருக்கின்றன. நிலம் கைமாறும் நாட்டில், அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களின் பொருளும் சொல்லும் உறுதிப் பத்திரத்துக்குக் குறைந்தவையல்ல.

விக்கிரமசிங்கவின் வளவில் நாட்டார் நூதனசாலை திறந்தபோது அவருடைய ஊர் அழிந்து ஏறத்தாழ நாற்பது வருடம். அவ்வளவு காலம் கழித்தும் அது முடிந்தது, ஏனென்றால் கலப்பையின் பாகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். வன்னியில் எருமை பூட்டிச் சூடு மிதித்தவர்களுக்கும் காடு வெட்டி முதல் குரக்கன் விதைத்தவர்களுக்கும் இன்று எழுபது எண்பது வயது. கட்டடத்துக்குப் பணம் எப்போதாவது வரும். அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். ஆகவே இந்தப் பள்ளி விடுமுறையிலேயே கொப்பியையும் தொலைபேசிக் கமராவையும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய முற்றத்துக்குப் போவதுதான் வன்னியின் முதல் நூதனசாலை வேலை.